பொணமா வேல பாத்த நாளு

1. பத்தரை மணி

நான் செத்தப்ப காலையில மணி பத்தரை. எப்படி இம்புட்டு சரியாத் தெரியும்னா, எங்க ஹெல்த் இன்ஸ்பெக்டர் சாரு கைக்கடியாரத்தப் பாத்துட்டு, "ஆயா, மணி பத்தரை ஆச்சு. செத்துரு"ன்னாரு. கவுர்மெண்டு உத்தரவு. செத்துட்டேன்.

இப்ப ஹெல்த் டிபார்ட்மெண்டுல வேலைக்குச் சேந்திருக்கிற பிள்ளைக என்கிட்ட வந்து, "அப்பத்தா, ஒங்க காலத்துல கொள்ளநோய் வர்றதுக்கு முன்னாடி ஊர எப்படி ரெடி பண்ணுவீங்க"ன்னு கேக்குதுக. அதெல்லாம் பெரமாதமா ரெடி பண்ணுனோம். நாங்க ரெடி பண்ணுன பண்ணுக்கு, நோவு வர்றதுக்கு முன்னாடியே ஊரு காலியாயிருச்சு. அந்தக் கதையத்தான் சொல்றேன். கேட்டுட்டு நீங்களாச்சும் ஒழுங்கா வேல பாருங்க.

அறுபதுகளோட ஆரம்பம் அது. புதுக்கோட்டை அப்ப தனி மாவட்டமில்ல. எல்லாக் காயிதமும் திருச்சியிலேருந்துதான் வரணும். எங்க பிரைமரி ஹெல்த் சென்டர்ல நான் ஆயா. பேரு அடைக்கலம். படிப்பு ரெண்டாங் கிளாசு, அதுலயும் பாதி நாளு ஆடு மேச்சேன். வேல என்னன்னா சிரிஞ்சியக் கொதிக்க வைக்கணும், தரையக் கழுவணும், டாக்டர் திட்டுனா வாங்கிக்கணும். டாக்டர் திட்டாத நாள்ல இன்ஸ்பெக்டரு திட்டுவாரு. வேலைக்குப் பஞ்சமே இல்ல.

வீட்டுக்காரரு சிலோன்ல தேயிலத் தோட்டத்துல இருந்தாரு. வீட்டுல நானு, எங்க மாமியா, பன்னெண்டு வயசு மக ராக்கு. மூணு பொம்பளைக. அதுல ரெண்டு பேருக்கு என் பேச்சு காதுல ஏறாது.

2. திரைக்கு அங்கிட்டு ஒரு கை

நான் சாகுறதுக்கு ரெண்டு மாசம் முந்தி எங்க ஊருக்குக் காலரா ஊசி முகாம் வந்துச்சு. பள்ளிக்கூடத்துலதான் நடந்துச்சு. ஆம்பளைக பூராவும் பல்லக் கடிச்சுக்கிட்டு ஊசி போட்டுக்கிட்டாங்க. பொம்பளைக வர மாட்டேன்னுட்டாங்க. வேத்து ஆம்பளைகிட்ட கைய நீட்டணுமேன்னு வெக்கமாம். இன்ஸ்பெக்டர் சாரு ரொம்ப யோசன பண்ணி, நடுவுல ஒரு பழைய சேலையத் திரையாக் கட்டி, அதுல ஒரு கிழிசல் விட்டாரு. பொம்பளைக அங்கிட்டு நின்னு கைய மட்டும் நீட்டணும். இவரு இங்கிட்டு குத்திட்டு ரிஜிஸ்டர்ல எழுதி, ஊசிச் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு. திரைக்கு அங்கிட்டு நின்னு பேரு சொல்றது என் வேல.

வெக்கம் போயிருச்சு. ஆனா பயம் போகல. ஊசி போட்டா கை வீங்கும், நாத்து நட முடியாது, காச்சல் வரும். எங்க மாமியாதான் வழி கண்டுபிடிச்சாங்க. மாடு பிடிக்கிற கருப்பையான்னு ஒருத்தன் இருந்தான். மஞ்சுவிரட்டுல மாடு குத்தியே சாகாதவன். அவனையும் அவன் கூட்டாளிக நாலு பேரையும் கூப்புட்டு, "ஒரு ஊசிக்கு ரெண்டு முட்ட"ன்னு பேசி முடிச்சாங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி கண்ணாடி வளவி. அம்புட்டுதான். முகாம் மூணு நாளு நடந்துச்சு. ஊருப் பொம்பளைக பூராவும் வீட்டுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருக்க, அஞ்சு மாடுபிடிகாரனுங்க திரைக்குள்ள மாத்தி மாத்தி வளவிக் கைய நீட்டுனானுங்க.

இன்ஸ்பெக்டரு கையத்தான் பாப்பாரு, வேற எதையும் பாக்கமாட்டாரு. ஆனா எங்க ராக்கு பேரு வந்தப்ப மட்டும் கொஞ்சம் நின்னாரு.

"வயசென்ன போட்டிருக்கு?"

"பன்னெண்டு சார்."

"பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு கையில இம்புட்டு மயிரா?"

"அவ அப்பன் சாடை சார்"னேன்.

"பாவம்"ன்னு சொல்லிட்டுக் குத்திட்டாரு.

மூணாம் நாளு அஞ்சு பேரும் காச்சல்ல விழுந்தானுங்க. இன்ஸ்பெக்டருக்கு சந்தோசம் தாங்கல. "மருந்து நல்லா வேல செய்யுது ஆயா"ன்னாரு. ஒரு ஆளு விடாம ஊசி போட்ட ஊருன்னு மேல எழுதி அனுப்புனாரு. அங்கேருந்து பாராட்டுக் காயிதம் வந்துச்சு. நான் ஏன் வாயத் தொறக்கலைன்னு கேப்பீங்க. தொறந்தா வீட்டுல சோறு கெடையாது. தொறக்காட்டி ஆபீஸ்ல பாராட்டு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

3. கட்டுப்பாடான சனங்க

அப்பறம் ஒரு நாளு திருச்சியிலேருந்து வேற காயிதம் வந்துச்சு. நோவு பரவுற காலம் வருது, ஊரு ஊருக்கு ஒத்திகை நடத்தணும்னு. ஒருத்தருக்கு வாந்திபேதி வந்த மாதிரி வச்சுக்கிட்டு, எங்க படுக்க வைக்கணும், தண்ணிய எப்படிக் காய்ச்சணும், எங்க பிளீச்சிங் பவுடர் போடணும்னு எல்லாம் பாரா பாராவா இருந்துச்சு. கடைசிப் பாரா பொணத்த அப்புறப்படுத்துறது.

"நீதான் ஆயா நோயாளி. கடைசியில செத்தும் போகணும்"னாரு இன்ஸ்பெக்டரு.

"வேற ஆளே இல்லையா சார்?"

"சம்பளம் வாங்குறவதான சொன்ன நேரத்துக்குச் சாவா?"

நியாயந்தான். "அப்ப ஊருல சொல்லிறலாம் சார், இது சும்மா ஒத்திகைன்னு"ன்னேன்.

"சொல்லிட்டா அது நாடகம். சொல்லாம நடத்துனாத்தான் சனங்க ரெடியா இருக்காங்களான்னு தெரியும்"னாரு. அவரு எட்டாங் கிளாசுக்கு மேல படிச்சவரு. நான் விட்டுட்டேன்.

ஒத்திகை அன்னைக்குக் காலையில இன்னொன்னும் நடந்துச்சு. கடக்கரைப் பக்கம், கட்டுமாவடி போற ரோட்டுல, எங்க நாத்தனாவக் கட்டிக்குடுத்த ஊருல நெசமாவே அந்த நோவு வந்துருச்சுன்னு இன்ஸ்பெக்டருக்குக் காயிதம் வந்துச்சு. அங்க அனுப்புறதுக்கு மருந்து பாட்டிலக் கட்டிக் குடுத்ததே நாந்தான். "சனங்க பீதியாகக்கூடாது. ஒன் வீட்டுலகூட மூச்சு விடாத"ன்னு சொல்லிட்டு, காயிதத்த மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. நெசமா வந்த நோவ யாருக்கும் சொல்லக்கூடாது. வராத நோவுக்கு விசில் ஊதணும். அதுதான் எங்க டிபார்ட்மெண்டு.

பள்ளிக்கூடத்துல பாய விரிச்சேன். வடிச்ச கஞ்சித் தண்ணிய பக்கத்துல ஊத்துனேன், பேதி மாதிரி. பொணத்து மேல பவுடர் தூவுறதும் ஆயா வேலங்கிறதால, சாகுறதுக்கு முன்னாடியே போத்திக்கிற வேட்டி மேல தூவிக்கிட்டுப் படுத்தேன். இன்ஸ்பெக்டரு வாசல்ல நின்னு மூணு தடவ விசில் ஊதி, "காலரா! ஆயா செத்துருச்சு! எல்லாரும் வாங்க!"ன்னு கத்துனாரு.

ஜன்னல்ல எங்க மாமியா மூஞ்சி ஒரு நொடி தெரிஞ்சுச்சு. என்னையப் பாத்தாங்க. பவுடரப் பாத்தாங்க. போயிட்டாங்க. நான் கீரனூர்ப் பக்கத்துக்காரி. எங்க ஊருல ஒரு சாவுன்னா ஒப்பாரி மூணு ஊருக்குக் கேக்கும். இங்க ஒரு சத்தம் இல்ல. வாழ வந்து பதினாலு வருசம் தண்ணி சொமந்திருக்கேன், ஒரு பொட்டுக் கண்ணீருக்குக்கூட நான் பெறலையேன்னு எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு.

இன்ஸ்பெக்டருக்கோ ஒரே பெருமை. "பாத்தியா ஆயா, ஒரு கூச்சல் இல்ல, கும்பல் இல்ல. என்ன கட்டுப்பாடு!"ன்னு நோட்டுல எழுதுனாரு. பொணம் பேசக்கூடாதுங்கிறதால நான் ஒண்ணும் சொல்லல.

ரொம்ப நேரம் கெடந்தேன். நாக்கு வறண்டு போச்சு. தண்ணி குடிக்க எந்திரிச்சு வெளிய வந்தேன். தெருவுல ஒரு கோழிகூட இல்ல. எல்லா வீட்டுக் கதவும் பூட்டியிருக்கு. எல்லா வாசல் நிலையிலயும் ஒரு வேப்பங்கொப்பு சொருகியிருக்கு. கடைசி வீட்டு வாசல்ல, கட்டில விட்டு எந்திரிக்கமாட்டாத வேலுக் கெழவரு மட்டும் படுத்திருந்தாரு.

"யாரு அது?"

"அடைக்கலம்யா."

"காலையில செத்தவளா?"

"ஆமாய்யா."

"செத்தப்பறமும் சும்மா கெடக்க விடமாட்டானா ஒன் ஆபீஸ்காரன்?"

"சனமெல்லாம் எங்கய்யா?"

அப்பறந்தான் அவரு சொன்னாரு. அந்த நோவுல ஒரு சாவு விழுந்தா இந்த ஊருல அழுவமாட்டாங்களாம். அழுதா வீட்டுல ஆளு இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுருமாம். வேப்பங்கொப்ப நிலையில சொருகிட்டு, வாயத் தொறக்காம, அடுத்த உலை வைக்கிறதுக்குள்ள எல்லைய விட்டு வெளியேறிறணுமாம். நான் வாழ வந்ததுக்கப்பறம் இந்த ஊருக்கு அந்த நோவு வரல. அதுனால எனக்கு இது தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. திருச்சிக்கு எங்க தெரியப் போகுது.

"ஒங்களைய ஏன்யா விட்டுட்டுப் போனாங்க?"

"அது வந்து பாக்குறப்ப பதில் சொல்ல ஒரு ஆளு வேணாமா?"ன்னு சிரிச்சாரு கெழவரு. அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு, "ஒன் மாமியா ஒன் மகளத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு ஒன் நாத்தனா ஊருக்குப் போயிட்டா. ஊரு வண்டி பூராவும் அங்கிட்டுத்தான் போகுது"ன்னாரு.

அந்த ஊருக்கு. நான் காலையில மருந்து பாட்டில் கட்டி அனுப்புன ஊருக்கு.

4. கேரியர்ல

பள்ளிக்கூடத்துக்கு ஓடி, சனம் போன பக்கத்தச் சொல்லி, இன்ஸ்பெக்டர் சைக்கிள்ல பின்னாடி ஏறி உக்காந்தேன். தலையிலேருந்து காலு வரைக்கும் பவுடரு. எதுக்க வந்த ஒரு ஆளு எங்களப் பாத்துட்டு, தலைச்சொமையக் கீழ போட்டுட்டு வயல்ல எறங்கி ஓடுனான்.

"பதறாத ஆயா. வழியில நம்ம செக் போஸ்ட்டு இருக்கு. மூங்கிக் கம்பு போட்டு, நம்ம ஹெல்த் மேஸ்திரி ஒக்காந்திருக்கான். நோவு இருக்கிற பக்கம் ஊசிச் சீட்டு இல்லாம ஒரு ஈ போகமுடியாது"ன்னாரு.

"சார், எங்க ஊருப் பொம்பளைக எல்லார்கிட்டயும் சீட்டு இருக்கு சார்."

"அப்பறம் என்ன? ஊசி போட்டவங்கதான. அவ்வளவு பயம் இல்ல."

"சீட்டு இருக்கு சார். ஊசி இல்ல."

சைக்கிளு ஆடுச்சு. நான் எல்லாத்தையும் சொன்னேன். வளவி, முட்ட, கருப்பையா, ஒண்ணு விடல. அவரு மிதிக்கிறத நிறுத்தித் திரும்பிப் பாத்தாரு.

"அப்ப அந்தப் பன்னெண்டு வயசுப் பொண்ணு?"

"மாடு பிடிக்கிறவன் சார்."

"ஆயா, இது வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும். ஒன் வேலையும் போயிரும்."

"தெரியும் சார். எனக்கு இருக்கிறது ஒரே மக சார்"னேன். அவரு மிதி வேகமாச்சு.

5. மூங்கிக் கம்பு

செக் போஸ்ட்டுல எங்க ஊரு வண்டி வரிசையா நின்னுச்சு. ரெண்டு வண்டி தாண்டிப் போயிருச்சு. மூணாவது எங்க மாமியா வண்டி. மேஸ்திரி ஒவ்வொரு சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டிருந்தான். கவுர்மெண்டு வேல மெதுவா நடக்குதேன்னு நான் சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில அன்னைக்கு மட்டுந்தான்.

என்னையப் பாத்ததும் மாமியா நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. "ஆத்தாடி! பின்னாடியே வந்துட்டாளே! உசுரோட இருந்தப்பதான் நிம்மதியில்லைன்னா, செத்தும் விடமாட்டேங்குறாளே!"

ராக்கு வண்டியிலேருந்து குதிக்கப் பாத்தா. மாமியா இழுத்துப் பிடிச்சாங்க. "போகாதடி, அது ஒன் ஆத்தா இல்ல."

எனக்கு மூக்குல பவுடர் ஏறி அடுக்கா நாலு தும்மல் வந்துச்சு.

"இது ஆத்தாதான், அப்பத்தா. பேய் எங்கயாச்சும் தும்முமா?"ன்னா ராக்கு.

"நான் சாகல யத்தே. அது ஒத்திகை. ஆபீஸ்ல சாகச் சொன்னாங்க"ன்னேன்.

மாமியா என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஏன்டி, சாகச் சொன்னா செத்துருவியா? நான் பதினாலு வருசமா எத்தனையோ சொன்னேன், ஒண்ணாச்சும் கேட்டியா?"

"அத வீட்டுல பேசிக்கலாம் யத்தே. வண்டியத் திருப்புங்க. நாத்தனா ஊருல நெசமாவே அந்த நோவு வந்திருக்கு."

"செத்துட்டேன்னு பொய் சொன்னவதான நீ? இதை மட்டும் நெசம்னு நம்பணுமாக்கும்? மேஸ்திரி, கம்பத் தூக்குய்யா."

அவங்க கேட்டது சரிதான. காலையில எங்களுக்குத் தெரிஞ்ச நெசத்த மறைச்சோம். பொய்ய விசில் ஊதிச் சொன்னோம். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நம்பச் சொல்றது?

மேஸ்திரிகிட்ட, "அண்ணே, அந்தச் சீட்டெல்லாம் பொய்யிண்ணே"ன்னு கெஞ்சுனேன். அவன் சீட்டத் தூக்கிக் காட்டி, "கையெழுத்து இருக்கு, சீலு இருக்கு. நீ ஆயா. நீ சொல்லி நான் நிறுத்த முடியுமா?"ன்னு கம்புல கைய வச்சான். மாட்டுக்காரன் வால முறுக்குனான்.

அப்பத்தான் இன்ஸ்பெக்டர் சாரு சைக்கிளக் கீழ போட்டுட்டு முன்னாடி வந்தாரு.

"கம்ப எறக்கு மேஸ்திரி. இந்த ஊருப் பொம்பளைக சீட்டு அம்புட்டும் பொய்."

"இதுல ஒங்க கையெழுத்து இருக்கே சார்?"

"என் கையெழுத்துதான். பொய்யின்னுதான சொல்றேன். எறக்கு."

வண்டிக்குப் பின்னாடியிருந்து கருப்பையா தலையச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான். "சார், ஊசியெல்லாம் எங்க அஞ்சு பேரு கையிலதான் இருக்கு சார்."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு நீதானா?"

"நாந்தான் சார்."

அவன அறைஞ்சாலும் அறைவாருன்னு பாத்தேன். அறையல. சட்டைப் பையிலேருந்து அந்தக் காயிதத்த எடுத்து, வண்டிச் சக்கரத்து மேல ஏறி நின்னு சத்தமாப் படிச்சாரு. எந்த ஊருல நோவு, என்னைக்கு வந்துச்சு, எந்தத் தெருவுல, அம்புட்டும். எங்க டிபார்ட்மெண்டு சனங்ககிட்ட முழு நெசத்தச் சொன்னத நான் பாத்தது அதுதான் மொத தடவ. என்ன அதிசயம்னா, யாரும் பீதியாகல. யாரும் மயங்கி விழுகல. "இத காலையிலயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன"ன்னு மட்டும் ஒரு கெழவி கேட்டுச்சு.

கருப்பையா ஓடிப்போயி முன்னாடி போன ரெண்டு வண்டியையும் திருப்பிக் கொண்டாந்தான். மேஸ்திரிகிட்ட மருந்து இருந்துச்சு. ரோட்டோரம் மூணு கல்ல வச்சு சிரிஞ்சியக் கொதிக்க வச்சேன். திரை இல்ல, சேலை இல்ல. மொத ஆளா ராக்கு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவளுக்கு அடுத்து எங்க மாமியா வந்தாங்க. தோள் வரைக்கும் ரவிக்கைக் கையச் சுருட்டிவிட்டு, இன்ஸ்பெக்டரு மூஞ்சிக்கு நேரா கைய நீட்டி, "மயிரு இருக்கான்னு நல்லாப் பாத்துக்கய்யா. அப்பறமா என்னைய மாடு பிடிக்கக் கூப்புடாத"ன்னாங்க.

6. மெமோ

பொழுது சாயுறதுக்குள்ள எல்லாரும் ஊரு திரும்பிட்டோம். நாத்தனா அடுத்த தடவ எங்க வீட்டுக்கு வந்தப்ப தலவிரி கோலமா வந்தா. அந்த வாரத்துலயே அவ மாமனாரும் கொழுந்தனும் ஒரே வீட்டுலேருந்து அந்த நோவுல போனாங்க. அவ வந்து ராக்குவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அன்னைக்கு நீ வந்திருந்தா, மாமனாரு படுத்திருந்த தாவாரத்துலதான்டி ஒனக்குப் பாய் போட்டிருப்பேன்"னு அழுதா. மாமியா அன்னைக்கு ராத்திரி சோத்துல எனக்கு ஒரு முட்ட கூடுதலா வச்சாங்க.

இன்ஸ்பெக்டர் சாரு நடந்தத நடந்தபடியே எழுதி அனுப்புனாரு. அதுக்குக் கூலியா பொன்னமராவதிப் பக்கம் மாத்திட்டாங்க. அவரு எழுதுனத மேலிடத்துல படிச்சவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தெரியல. பெறகு வந்த காயிதத்துல, எங்க ஊரு ஒத்திகை ரொம்ப நல்லா நடந்துச்சு, கிராமத்தாரு கட்டுப்பாட்டோட வெளியேறி ஊசி போட்டுக்கிட்டாங்க, மத்த ஊருகளும் இதே மாதிரி நடத்தணும்னு போட்டிருந்துச்சு. எந்த ஊருல எவ செத்தாளோ.

இப்ப வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளா, நான் கத்துக்கிட்டது மூணே விசயம். நோவு எங்க வந்திருக்குன்னு தெரிஞ்சா மொதல்ல அத சனங்ககிட்ட சொல்லுங்க, நம்மளவிட அவங்களுக்கு நெஞ்சு ஒரம். ஒத்திகை நடத்துறதுக்கு முன்னாடி, பயம் வந்தா இந்த ஊரு எந்தப் பக்கம் ஓடும்னு ஒரு கெழவிகிட்டயாச்சும் கேட்டுக்கங்க. சனங்க சத்தம் போடலைன்னா கட்டுப்பாடுன்னு நோட்டுல எழுதிக்கிட்டு நிக்காதீங்க. போயி கதவத் தட்டிப் பாருங்க.

எனக்கும் ஒரு மெமோ வந்துச்சு. ஒத்திகை முடியுறதுக்கு முன்னாடி, அதிகாரி அனுமதி இல்லாம, பொணம் இடத்தைவிட்டு எந்திரிச்சுப் போனது ஏன்னு விளக்கம் கேட்டிருந்தாங்க. கிளார்க்கு எழுதித் தர்றேன்னாரு. வேணாம்னுட்டு ரெண்டாங் கிளாசு எழுத்துல நானே எழுதுனேன்:

"ஐயா, சொன்ன ஒடனே செத்தது தப்பு. எந்திரிச்சது தப்பில்ல."